விளம்பரம் ஓடுது, பங்கு எங்கே?

நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, லீவர் பொருத்தி ஒரு தொழிலாளி மாங்காய்ப் பூட்டு செய்வதை அவர் மகன் செல்போனில் எடுத்து யூடியூப்பில் போடுகிறான்னு வைங்க. பெருமையா ஷேர் பண்ணுவோம். ஆனா அதுக்கு முன்னாடி ஓடுற விளம்பரக் காசு யாருக்குப் போகுது?

2018 முதல் விதி இதுதான்: விளம்பர வருமானத்தில் பங்கு வேணும்னா சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை இருக்கணும். தாண்டியவர்களுக்கு 55 சதவீதம். தாண்டாதவர்கள் வீடியோவிலும் விளம்பரம் போடுவோம், பங்கு தரமாட்டோம் என்று 2020 நவம்பரில் நிறுவனம் விதியை மாற்றியது. முதலில் அமெரிக்காவில், 2021 ஜூனில் நமக்கும் வந்துவிட்டது. ஆக, அந்தப் பூட்டு வீடியோவில் விளம்பரம் ஓடினால் முழுக்காசும் கம்பெனிக்கு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்க. மண்டிக்காரர் கமிஷன் எடுப்பார், அது கூடுதல்னு விவசாயி சண்டையும் போடுவார். ஆனா “நீ ஒரு மூட்டைதான் கொண்டுவந்தே, அதனால முழுக்காசும் எனக்கு”ன்னு எந்த மண்டியிலயாவது சொல்ல முடியுமா? சொன்னா மறுநாள் கடை திறக்க முடியாது.

“இலவசமா இடம் தர்றோம், சர்வர் செலவு இருக்கே” என்பார்கள். இருக்கட்டும். அதுக்குத்தானே 45 சதவீதம்? “புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனல் ஜெயிக்கலையா?” என்றும் கேட்பார்கள். ஜெயித்தார்கள், 2021-லேயே ஒரு கோடி சந்தாதாரர்கள், நமக்கும் சந்தோஷம்தான். அதுக்காக நாகல்நகர் பட்டறைக்காரர் உழைப்பை ஓசியில் எடுத்துக்கலாமா?

பங்கு வாங்குற சேனல்களையும் விளம்பரம் சும்மா விடலை. வீடியோ 8 நிமிடம் தாண்டினால்தான் நடுவில் விளம்பரம் போடலாம். அதான் மூணு நிமிஷ விஷயத்தை ஒன்பது நிமிஷம் இழுக்கிறாங்க. சீரகச்சம்பா பிரியாணி வீடியோவில் தம் உடைக்கிறதுக்குள்ள நம்ம பசியே அடங்கிடுது!

எங்கள் கோரிக்கை நேரடியானது. விளம்பரம் ஓடினால் முதல் பார்வையிலிருந்தே பங்கை எழுதி வைக்கட்டும். 100 டாலர் சேர்ந்த பிறகு அனுப்பினாலும் போதும், இப்பவும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். இல்லையா, அந்தச் சேனல்களில் விளம்பரமே வேண்டாம். மத்திய அரசு இதைச் சட்டமாக்க வேண்டும்.

உங்க சின்ன சேனலிலும் இப்படி விளம்பரம் ஓடுதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து கமென்ட்டில் போடுங்க தோழர்களே.

#விளம்பரத்தில்_பங்கு_கொடு #திண்டுக்கல்