பதினெட்டுக் கையெழுத்து

கவிதை நூல் ஒன்று, 1773ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகரில் வெளிவந்தது. ஏட்டைத் திறந்தால் முதலில் தெரிவது கவிதையன்று, ஓவியம். மேசை முன் அமர்ந்து, கன்னத்தில் ஒரு கை வைத்து, மறு கையில் இறகுப் பேனா ஏந்திச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறாள் கருநிற மங்கை ஒருத்தி. பெயர் பிலிஸ் வீட்லி. ஓவியத்தைச் சுற்றிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகள், அவள் பாஸ்டன் நகரத்து ஜான் வீட்லியின் பணிப்பெண் என்று அறிமுகம் செய்கின்றன.

பணிப்பெண்ணாம்! கூலி பெற்றுப் பணி செய்தவளா? இல்லை, தோழர்களே! சந்தையில் விலை கொடுத்து வாங்கப்பட்டவள். அடிமை!

இன்னும் சில ஏடுகளைப் புரட்டுங்கள். கவிதைக்கு முன்னே நிற்கிறது ஒரு சான்றிதழ். பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்றிதழ். ஆளுநர் ஹட்சின்சன் கையெழுத்திட்டார். துணை ஆளுநர் ஆலிவர் கையெழுத்திட்டார். பெருவணிகர் ஜான் ஹான்காக் கையெழுத்திட்டார். பாதிரிமார் 7 பேர் கையெழுத்திட்டனர். பதினெட்டாவது கையெழுத்து யாருடையது? அவளை விலைக்கு வாங்கிய ஜான் வீட்லியினுடையது! இக்கவிதைகளை எழுதியவள் இவளே என்று நாங்கள் நம்புகிறோம், தக்கோர் இவளைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர் என்பதே அந்தச் சான்றின் சாரம்.

எந்தப் பிரபுவின் மகனாவது கவிதை எழுதிவிட்டுப் பதினெட்டுப் பேரிடம் சான்று கேட்டு நின்றதுண்டா? மாளிகையிலே பிறந்தவன் மட்டமாக எழுதினாலும் அது அவன் எழுதியதே. அடிமைக் குடிசையிலிருந்து நல்ல வரி பிறந்துவிட்டாலோ, 'எங்கே திருடினாய்?' என்ற கேள்வி பிறந்துவிடுகிறது!

யார் இந்தப் பெண்? 1761ஆம் ஆண்டு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த அடிமைக் கப்பலில் இறக்கப்பட்ட குழந்தை. முன்பற்கள் விழுந்திருந்ததைக் கண்டு, வயது ஏழு எட்டு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கப்பலின் பெயர் பிலிஸ். அதையே குழந்தைக்குச் சூட்டினார்கள். வாங்கியவர் வீட்லி. அதுவே குடும்பப் பெயராயிற்று. முதற்பெயர் கப்பலுக்குச் சொந்தம், பின்பெயர் எஜமானுக்குச் சொந்தம், உடலோ இருவருக்கும் இலாபம்! அவளுக்கென்று எஞ்சியது கவிதை ஒன்றுதான். அதற்கும் கேட்டார்கள் சாட்சி!

அந்த வீட்டார் அவளுக்கு எழுத்தறிவித்தனர் என்பது உண்மை. விவிலியம் கற்றாள், இலத்தீன் கற்றாள். 1767இல் அவளது கவிதை முதன்முதலாகச் செய்தித்தாளில் அச்சேறியது. 1770இல், ஒயிட்ஃபீல்டு என்னும் புகழ்பெற்ற பாதிரியார் மறைந்தபோது அவள் பாடிய இரங்கற்பா, கடலின் இரு கரையிலும் அவள் பெயரைப் பரப்பியது. இனி நாம் 'அவர்' என்றே சொல்வோம், தோழர்களே. அன்று பாஸ்டன் தர மறுத்த மரியாதை அது.

1772இல் பாஸ்டன் இதழொன்றில் விளம்பரம் வந்தது. 28 கவிதைகள் கொண்ட நூல், 300 படிகளுக்கு முன்பதிவு கிடைத்தால் அச்சாகும் என்று. முன்பதிவு சேரவில்லை, நூலும் வரவில்லை. சான்றளிக்கப் பதினெட்டுப் பேர் கிடைத்த நகரத்தில், காசு கொடுத்து வாங்க முந்நூறு பேர் கிடைக்கவில்லை!

ஆகவே கவிதை கடல் கடந்தது. இலண்டன் பதிப்பாளர் ஆர்ச்சிபால்ட் பெல் நூலை ஏற்றார். ஹண்டிங்டன் சீமாட்டி அதன் காணிக்கையை ஏற்றார், கவிஞரின் ஓவியமும் வேண்டும் என்றார். பிலிஸ் தாமே இலண்டன் சென்றார். அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட கிரான்வில் ஷார்ப்பைக் கண்டார், பெஞ்சமின் பிராங்க்ளினைக் கண்டார். ஆனால் தம் நூல் வெளிவரும் நாளைக் காண அங்கே இருக்கவில்லை. எஜமானி சுசன்னா நோயுற்றதால் திரும்ப நேர்ந்தது.

அந்நூல் ஒரு பெருஞ்செயல் புரிந்தது. இலண்டன் விமரிசகர்கள், சுதந்திரம் சுதந்திரம் என முழங்கும் பாஸ்டன்காரர்கள் இத்தகைய கவிஞரை அடிமையாக வைத்திருப்பதா என்று கேட்டார்கள். இங்கிலாந்து நண்பர்களின் விருப்பப்படி, 1773 அக்டோபருக்குள் வீட்லி குடும்பம் அவரை விடுவித்தது. நவம்பரில் டார்ட்மத் என்னும் கப்பல் பாஸ்டனுக்கு வந்தது. அதிலே நூற்படிகளும் இருந்தன, தேயிலைப் பெட்டிகளும் இருந்தன. டிசம்பர் 16 அன்று தேயிலை கடலில் எறியப்பட்டது. வரலாறு அதைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறது. அதே கப்பலில் வந்த கவிதை கரையேறிய கதையை எத்தனை பேர் அறிவர்?

வரவேற்பு எப்படி இருந்தது? வால்டேர் 1774இல் எழுதிய கடிதத்தில் அவரைப் பாராட்டினார், கறுப்பரிலே கவிஞர் தோன்றார் என்ற கூற்று பொய்த்தது எனச் சுட்டினார். ஜார்ஜ் வாஷிங்டன் 1776இல் மரியாதையோடு மடல் விடுத்தார். ஆனால் ஜெபர்சன்? எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனம் தீட்டிய பேனாவுக்குச் சொந்தக்காரர், வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தவர். பிலிஸ் மறைந்த மறு ஆண்டு, 1785இல் அச்சான தம் நூலில், அப்பெண்ணின் கவிதை விமரிசிக்கவும் தகுதியற்றது என்று ஒதுக்கினார்.

கவிதை பிடிக்காமல் போகலாம், குற்றமில்லை. ஆனால் இங்கே தீர்ப்பு கவிதைக்கன்று, இனத்துக்கு! ஆப்பிரிக்கர்க்குச் சிந்தனை இல்லை என்ற பொய்யின்மேல்தான் அடிமைச் சந்தையின் அடித்தளம் நின்றது. அவர் எழுதினார் என்று ஒப்பினால், அவரை விற்றது பாவம் என்றும் ஒப்பவேண்டுமே! அதனால்தான் ஒருவர் ஐயம் கொண்டார், ஒருவர் இகழ்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் கருப்பின விமரிசகர் சிலரே அவரைக் குறை கூறினர். எஜமானரின் மொழியில், எஜமானரின் பக்தியில் எழுதினார், சீறவில்லை என்றனர். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் டார்ட்மத் பிரபுவுக்கு அவர் எழுதிய கவிதையைப் பாருங்கள். தாம் கவர்ந்து செல்லப்பட்டதையும், தந்தை பட்டிருக்கக்கூடிய துயரையும் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறார். 1774இல் சாம்சன் ஆக்கம் என்ற செவ்விந்தியப் பாதிரியாருக்கு எழுதிய கடிதம் செய்தித்தாள்களில் வந்தது. விடுதலை வேட்கை எல்லா மனித நெஞ்சிலும் இறைவன் இட்டது என்கிறார், சுதந்திரம் பேசிக்கொண்டே பிறரை ஒடுக்குவோரின் முரண்பாட்டைக் குத்திக் காட்டுகிறார். சங்கிலியோடு நின்று இவ்வளவு சொன்னவரை, சங்கிலியின்றி நிற்கும் நாம் ஏன் உரக்கச் சொல்லவில்லை எனக் கேட்பது நியாயமா?

கதையின் கொடிய பகுதி இனித்தான். 1779இல் இரண்டாம் நூலுக்கு அறிவிப்பு வெளியிட்டார். 33 கவிதைகள், 13 கடிதங்கள். போர்க்காலம், பணத்தின் மதிப்பு வீழ்ந்த காலம். முன்பதிவு சேரவில்லை. முதல் நூலுக்கு வியந்தோர் இரண்டாம் நூலுக்கு வரவில்லை. 1784 டிசம்பர் 5 அன்று, முப்பதை ஒட்டிய வயதில், வறுமையில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் நூலின் அமெரிக்கப் பதிப்பு பிலடெல்பியாவில் வந்தது. இரண்டாம் நூலின் கையெழுத்துப் படியோ இன்றுவரை கிட்டவில்லை. 2003இல் பாஸ்டன் அவருக்குச் சிலை வைத்தது. சிலை உண்டு, நூல் இல்லை!

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். என் நாடகத்தைப் பார்த்துவிட்டு, 'எழுதித் தந்தவர் யார்?' என்று கேட்ட கனவான் ஒருவர் உண்டு. அது சிறு முள். பிலிஸ் தாங்கியது சிலுவை. ஆனால் முள்ளும் சிலுவையும் ஒரே மரத்தில் விளைபவை.

தோழர்களே! அடித்தளத்திலிருந்து எழுதுபவரைக் கண்டு 'அதிசயம்' என்று வியப்பதும் ஒருவகை அவமதிப்பே. அதிசயம் என்றால், அவ்வினத்துக்கு அது இயல்பன்று என்றல்லவா பொருள்? வியப்பு ஒரு நாள் கூத்து, அது முதல் நூலோடு முடிந்துபோகும். உரிமை நீடிப்பது, அது இரண்டாம் நூலையும் அச்சேற்றும்.

உங்கள் ஊரில் ஓர் உழவர் மகளோ, துப்புரவுத் தொழிலாளியின் மகனோ கவிதை எழுதினால் மேடையேற்றி மாலை சூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாலை மறுநாள் வாடும். நூலுக்கு முன்பணம் கட்டுங்கள். படிப்பகத்தில் வாங்கி வையுங்கள். வாசித்துக் குறையிருந்தால் குறையைச் சொல்லுங்கள், மற்றவருக்குச் சொல்வதைப் போலவே சொல்லுங்கள். 'அடுத்தது எப்போது?' என்று கேளுங்கள்.

கவிஞனுக்குத் தேவை பதினெட்டுப் பேரின் சான்று அன்று, முந்நூறு பேரின் முன்பதிவு!