நாக்கடிச் சொட்டு மருந்து யாருக்குப் பொருந்தும்?

தூசு அலர்ஜிக்கு நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து உண்டு. ஊசி வேண்டியதில்லை, வீட்டிலேயே எடுக்கலாம். இதைக் கேள்விப்பட்டதும் எல்லோரும் கேட்பது, ‘மருந்து பலிக்குமா?’ என்றுதான். அதற்கு முன்பு தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. தும்மல் எதனால் வருகிறது?

சிங்கம்புணரி தேங்காய் நாருக்கும் கயிற்றுக்கும் பெயர் பெற்ற ஊர். நார் அடிக்கும் இடத்தில் தூள் பறக்கும். பக்கத்தில் நிற்கும் யாருக்கும் மூக்கு எரியும், தும்மல் வரும். விலகிப் போனால் அடங்கிவிடும். இது பெரும்பாலும் எரிச்சல். ஒவ்வாமை வேறு வகை. ஊரில் மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஒரு பொருளின் சிறு துளியைக்கூட ஒருவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக எடுத்துக்கொள்வதே ஒவ்வாமை.

அந்தப் பொருளை ஒவ்வாமைத் தூண்டி என்பார்கள். சீமைக்கருவேல மகரந்தம் ஒரு தூண்டி. ஈரமான நார்க்கழிவில் வளரும் பூஞ்சையின் வித்து இன்னொன்று. ஆனால் வீடுகளில் முதலிடம் தூசு உண்ணிக்கு. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் இந்த உயிரி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் உணவு. அதன் எச்சத்தில் உள்ள புரதமே தொல்லை தருகிறது.

தூண்டியை எதிர்க்க உடல் ஐஜிஇ என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அது மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை தூண்டி வந்து படும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு எல்லாம் அதன் விளைவு. செட்ரிசின் மாத்திரை ஹிஸ்டமினைத் தடுக்கிறது. மூக்கு ஸ்பிரே வீக்கத்தைத் தணிக்கிறது. இரண்டும் நல்ல மருந்துகளே. ஆனால் நிறுத்தினால் பழைய நிலை திரும்பும்.

தூண்டியையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்குவது வேறு வழி. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு இதைத் தொடங்கிவைத்தார். ஊசி பலன் தந்தது. அபூர்வமாக உயிரையும் பறித்தது. 1986இல் பிரிட்டன் அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு இதுபற்றி எச்சரித்தது. அதே காலத்தில் நாக்கடி வழி ஆராயப்பட்டது. 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஒன்று அதை ஏற்கத்தக்க மாற்று என்றது.

நாக்கின் அடியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அங்குள்ள சவ்வு மெல்லியது. வந்த பொருளைப் பிடித்து நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டும் செல்கள் அங்கே உண்டு. ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் குறைவு. அதனால் உடல் கொந்தளிக்காமல் தூண்டியை அறிந்துகொள்கிறது. மாதக்கணக்கில் இது நடக்கும்போது, நோய் எதிர்ப்பு வினையைக் கட்டுப்படுத்தும் டி செல்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற புரதம் கூடுகிறது. அது தூண்டியை முந்திப் பிடித்து, ஐஜிஇயிடம் போகவிடாமல் மறிக்கிறது.

மருந்தை எடுக்கும் முறை எளிது. சொட்டை நாக்குக்கு அடியில் விட்டு ஓரிரு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். அதன் பிறகு சிறிது நேரம் தண்ணீரும் குடிக்கக்கூடாது. முதல் வேளையை மட்டும் மருத்துவர் முன்னிலையில் எடுத்து, அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வாயில் அரிப்பும் லேசான வீக்கமும் முதல் வாரங்களில் சகஜம். உயிருக்கு ஆபத்தான எதிர்வினை ஊசியைவிட மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

எந்தத் தூண்டி என்று கண்டுபிடிக்கத் தோல் குத்துப் பரிசோதனை செய்வார்கள். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறியருகிலும் ஒரு சாற்றுத் துளியை வைத்து, ஊசி நுனியால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். ஒரு துளி வெறும் உப்புநீர், இன்னொன்று ஹிஸ்டமின். இவை ஒப்பிட்டுப் பார்க்க. 15 முதல் 20 நிமிடத்தில், உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் அந்தத் தூண்டிக்கு உடல் வினைபுரிகிறது என்று பொருள். செட்ரிசின் போன்ற மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தாவிட்டால் முடிவு தப்பாகும்.

தடித்துவிட்டதாலேயே நோய் என்று ஆகிவிடாது. தடிப்பும் தொல்லையும் பொருந்த வேண்டும். தூசு உண்ணிக்குத் தடித்தவருக்குக் காலையில் படுக்கையை விட்டு எழும்போதோ, மெத்தையை உதறும்போதோ தும்மல் வந்தால் பொருந்துகிறது. நார் அடிக்கும்போது மட்டும் வந்தால் பொருந்தவில்லை. ரத்தத்தில் ‘ஈஸ்னோபிலியா இருக்கிறது’, ‘மொத்த ஐஜிஇ கூடியிருக்கிறது’ என்ற அறிக்கையும் போதாது. வயிற்றில் புழு இருந்தாலும் ஈஸ்னோபில் என்ற வெள்ளணுக்களும் ஐஜிஇயும் கூடும்.

இனி, பலிக்குமா என்ற கேள்விக்கு வரலாம். தூசு உண்ணி, புல் மகரந்தம் போன்ற சில தூண்டிகளுக்கு, மூக்கு ஒவ்வாமையில் வலுவான சான்று இருக்கிறது. பூஞ்சைக்குச் சான்று மெலிவு. நாக்கடி வழியில் பலன் வர, ஊசியில் போடுவதைவிடப் பல மடங்கு தூண்டி உள்ளே போக வேண்டும். ஆகவே அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் நாக்குக்கு அடியில் வைக்கும் புல் மகரந்த மாத்திரைகளுக்கும், 2017இல் தூசு உண்ணி மாத்திரைக்கும் அனுமதி தந்தது, சொட்டுக்குத் தரவில்லை. ஜப்பானோ 2014இல் ஜப்பானிய சீடர் மர மகரந்தச் சொட்டையே அனுமதித்தது. சொட்டா மாத்திரையா என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு வேளையும் எவ்வளவு தூண்டி போகிறது என்று வரையறுத்துச் சோதித்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

காலமும் முக்கியம். 2017இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் புல் மகரந்த மாத்திரையை இரண்டு ஆண்டு கொடுத்து நிறுத்தினார்கள். மூன்றாம் ஆண்டில், மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டாவது எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிலருக்கு இது கூடாது. கட்டுக்குள் வராத கடும் ஆஸ்துமா உள்ளவர்கள், ஈஸ்னோபில் செல்கள் உணவுக்குழாயில் குவியும் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் அதை முன்பே சொல்ல வேண்டும். பல் பிடுங்கினாலோ வாயில் புண் வந்தாலோ ஆறும்வரை நிறுத்தி வைப்பார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரம்பு தெரிகிறது. நார்த்தூள் எரிச்சலுக்கு இந்தச் சொட்டால் பயனில்லை. முகக்கவசமும் காற்றோட்டமுமே வழி. மூக்கு ஸ்பிரேயை ஒழுங்காக அடித்து அடங்குகிறவருக்கு அவசரமில்லை. ஸ்பிரேயும் மாத்திரையும் எடுத்தும் தொல்லை ஓயாதவர், தூண்டி இன்னதென்று உறுதியானவர், மூன்று ஆண்டுச் செலவையும் தினசரி ஒழுங்கையும் தாங்கக்கூடியவர் இதை யோசிக்கலாம். புட்டியில் தூண்டியின் பெயர், வீரியம், காலாவதி நாள் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குளிர்பதனத்தில் வைக்கச் சொல்லியிருந்தால் சித்திரை வெயிலில் பையில் போட்டு அலையக் கூடாது. ஓராண்டு தவறாமல் எடுத்தும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றால், தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.