கோடரியும் துப்பாக்கியும்

மரத்திற்காக ஒரு காட்டைக் குத்தகைக்கு விட்டால், அதிலுள்ள வனஜந்துக்களின் கதி அதோகதிதான் என்று பலர் கருதுகின்றனர். அது எப்பொழுதும் உண்மையாவதில்லை என்பதை மத்திய ஆப்ரிக்காவின் அநுபவம் காட்டுகிறது.

காபோன், காங்கோ குடியரசு ஆகிய நாடுகளில் 14 குத்தகைக் காடுகளில் தானியங்கிக் காமிராக்களை வைத்து ஆராய்ந்த ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் சர்வகலாசாலையார், 2024-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 7 காடுகள் எப்.எஸ்.ஸி. என்னும் சர்வதேச ஸ்தாபனத்தின் நற்சான்று பெற்றவை. மற்ற 7 பெறாதவை. 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள மிருகங்கள், சான்று பெற்ற காடுகளில் 2.7 மடங்கு அதிகமாகத் தென்பட்டன. அழிவின் விளிம்பிலிருக்கும் காட்டு யானையும் கொரில்லாவும் அங்கேதான் கூடுதலாக நடமாடின.

இருவகைக் காடுகளிலும் மரம் வெட்டப்படத்தான் செய்கிறது. பின் ஏன் இந்த வித்தியாசம்? அப்பிரதேசத்தில் சாதாரணமாக ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரங்களே பொறுக்கி வெட்டப்படுகின்றன. ஆனால் அம்மரங்களை வெளியே கொண்டுவரப் போடும் பாதை வழியே துப்பாக்கியும் கண்ணியும் உள்ளே நுழைகின்றன. கோடரி தப்பவிட்ட உயிர்களை அவை தீர்த்துவிடுகின்றன. சான்று பெற்ற கம்பெனிகள், வேலை முடிந்த பாதைகளை அடைக்கின்றன, காவல் போடுகின்றன, தொழிலாளருக்கு வேறு மாமிசம் கிடைக்க வழி செய்கின்றன.

இக்காடுகள் கோடரி படாத வனத்துக்கு ஈடென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் எளிதில் செய்யக்கூடிய இக்காரியங்களைக் கம்பெனிகளின் விருப்பத்திற்கு விட்டுவிடுவது தகுமா? 1899-ல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் அந்நாட்டை 40 கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. ரப்பரையும் தந்தத்தையும் வாரிச்சென்ற அவர்களிடம் ஜனங்கள் பட்ட பாடு உலகறிந்தது. 2018-ல் காபோன் சர்க்கார், 2022-க்குள் எல்லாக் கம்பெனிகளும் சான்று பெற்றாக வேண்டும் என அறிவித்தது. கெடு கடந்தது, காரியம் முற்றுப்பெறவில்லை.

பாதையை அடைப்பதும் காவல் வைப்பதும் குத்தகையின் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். மீறினால் குத்தகை ரத்தாக வேண்டும். வயிற்றுக்காக வேட்டையாடும் ஏழைக் கிராமவாசிக்கு வேறு வழி காட்டாமல் அவனை மட்டும் தண்டிப்பது நீதியாகாது. மலிவாக மரம் வாங்கும் செல்வ நாடுகளும் இச்செலவில் தம் பங்கைச் செலுத்தட்டும். மரத்தின் விலையில் காட்டின் காவற்செலவும் அடங்கியிருப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.