நியானின் இரண்டாவது கோடு

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1912-இல் ஜே. ஜே. தாம்சனும் அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டனும் நியான் அயனிகளை மின்புலம், காந்தப்புலம் இரண்டின் ஊடாகவும் செலுத்தி ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார்கள். அணுநிறை 20-க்குரிய இடத்தில் எதிர்பார்த்த வளைகோடு பதிந்தது. பக்கத்தில், 22-க்குரிய இடத்தில், மங்கலாக இன்னொன்று.

இன்றைய மாணவர் 'ஐசோடோப்பு' என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிடுவார். தாம்சனால் அப்படி எழுத முடியவில்லை. காந்தப்புலத்தில் அயனியை வளைப்பது அதன் மின்னூட்டம். அந்த வளைவுக்கு இணங்காமல் முரண்டுவது அதன் நிறை. ஒரே மின்னழுத்தத்தில் முடுக்கிய அயனிகளின் நிறை நான்கு மடங்கானால் பாதையின் ஆரம் இரு மடங்காகும். மின்னூட்டம் நான்கு மடங்கானால் ஆரம் பாதியாகும். ஆக, தகட்டில் தெரிவது நிறை அல்ல, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம். 44 நிறையுள்ள கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் அதுவும் 22-இல்தான் வந்து விழும்!

இந்த ஐயத்தைத் தீர்க்க, வாயுவைத் திரவக் காற்றில் அமிழ்த்திய குழாய் வழியே தாம்சன் மெல்லச் செலுத்தினார். கார்பன் டை ஆக்சைடு உறைந்து குழாயிலேயே தங்கிவிட்டது. 44-ஆம் கோடு மங்கியது. 22-ஆம் கோட்டின் ஒளி குறையவில்லை. அந்த ஆராய்ச்சியின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான். அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. அந்தக் கோட்டுக்குக் காரணம் நியான் ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மமோ என்றும் யோசித்தார். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் ஆஸ்டன் இன்னும் கூர்மையான கருவியைக் கட்டி, நியான் இருவகை அணுக்களின் கலவை என்பதை உறுதிசெய்தார். 1922-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தாம்சனுக்கு இடையூறாக நின்ற அதே கூடுதல் மின்னூட்டம், 1980-களில் அமெரிக்காவின் ஜான் ஃபென்னுக்குக் கைகொடுத்தது. 40,000 நிறையுள்ள புரதம் அன்றைய பல கருவிகளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மின்புலத்தில் புரதக் கரைசலைத் தெளித்து, புரத மூலக்கூறின்மேல் 40 புரோட்டான்களை ஏற்றினால், அது 1,001-இல் வந்து நிற்கும். 39 ஏற்றினால் சுமார் 1,027-இல். அடுத்தடுத்த இரு கோடுகளின் இடைவெளியிலிருந்தே மின்னூட்டத்தையும், அதிலிருந்து நிறையையும் கணக்கிட்டுவிடலாம். 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது ஃபென்னுக்கு வயது 85.

இவ்வாறு நிறையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானியைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன், அந்தத் திரவக் காற்றுக் குழாயின் கதையைச் சொல்லுங்கள்.