இருநூறு ரூபாய் மிச்சம், இன்ஜின் நஷ்டம்

கார் ஃபில்டர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, திண்டுக்கல் வாசகர்களின் பணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அவர்களுடைய இன்ஜினைக் கெடுக்க வழிகாட்டியிருக்கிறது. எல்லா ஃபில்டரும் காகிதம்தான், மரை பொருந்தினால் போதும், அழுக்கானால் ஏர் அடித்துத் திரும்ப மாட்டலாம் என்கிறார் கட்டுரையாளர். மூன்றுமே தவறு.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் சின்னக் கார் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஐம்பது லட்சம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்துவிடும். அது எந்த ஊர்க் காற்று என்பதைக் கட்டுரையாளர் யோசிக்கவே இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைப் பஞ்சு, கிரஷர்களிலிருந்து வரும் கல்தூள், மழை பொய்த்த மாதங்களில் செம்மண் புழுதி, நான்குவழிச் சாலையில் லாரிகள் கிளப்பிவிடுவது எல்லாம் அதில் கலந்திருக்கிறது. கொடைக்கானல் மலைச்சாலையில் ஓட்டுவதற்கும் ஒட்டன்சத்திரம் சாலையில் காய்கறி லாரிக்குப் பின்னால் ஓட்டுவதற்கும் ஒரே கணக்கு போட முடியாது. கார் கையேடுகளிலேயே புழுதிச் சாலைக்கென்று தனிக் குறிப்பு இருக்கும். சீக்கிரம் பார், சீக்கிரம் மாற்று என்று அது சொல்லும்.

அவர் முன்வைக்கும் பெரிய சாட்சியம், பெயர் தெரியாத கம்பெனியின் ஏர் ஃபில்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது அதில் பஞ்சும் தூசியும் அப்பிக்கிடந்தது என்பது. ‘பாருங்கள், எவ்வளவு தடுத்திருக்கிறது!’ என்று வியக்கிறார். தடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது. தடுக்காமல் விட்டது எங்கே போயிற்று? சாதாரணக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் புலப்படாது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள் மட்டுமே. இன்ஜினை அதிகம் தின்பது 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள மணல் துகள். அதிலுள்ள குவார்ட்ஸ், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பஞ்சு சிலிண்டர் சுவரைக் கீறாது, கல்தூள்தான் கீறும். பஞ்சைக் காட்டி ஃபில்டருக்கு நற்சான்று வழங்குகிறவர் எதை அளக்க வேண்டும் என்றே தெரியாமல் அளந்திருக்கிறார்.

அளக்க வழி இருக்கிறது. ஏர் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனைமுறை உண்டு. அளவு வரையறுத்த சோதனைத் தூசியை ஊதி, எவ்வளவு நின்றது, எவ்வளவு தாண்டியது என்று எடை போட்டுச் சொல்வார்கள். ஆயில் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 4548. மாலே, பாஷ், எலோஃபிக் போன்ற, தன் பெயரைப் பெட்டியில் போட்டு அதற்குப் பொறுப்பேற்கும் தயாரிப்பாளரிடம் இதைக் கேட்கலாம். முகவரியே இல்லாத பெட்டியிடம் யார் போய்க் கேட்பது? அதோடு, மலிவுச் சரக்கில் முதலில் ஏமாற்றுவது காகிதமல்ல, ஓரத்து ரப்பர்தான். அது சுருங்கி ஒரு பக்கம் இடைவெளி விட்டால், காற்று காகிதத்தைச் சுற்றிக்கொண்டு நேராக இன்ஜினுக்குள் போய்விடும். பிறகு காகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஏர் அடிக்கும் யோசனை இதைவிட மோசம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் அழுத்தம் டயருக்கானது. மடிப்புக் காகிதத்தின் மேல் அதைப் பிடித்தால் நார் விலகும், துளை பெரிதாகும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. இன்னொன்றும் அவருக்குத் தெரியவில்லை. காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதுதான் வடிகட்டும் திறன் குறைவு. மேலே படியும் மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் நுண்தூசியைப் பிடிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சர்வீஸுக்கும் கட்டாயமாக ஏர் ஃபில்டரை மாற்றி பில் போடும் இடங்களையும் நான் ஆதரிக்கவில்லை. கழற்றிப் பார்த்து, அடைத்திருந்தால் புதிது போட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

‘அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையாது என்று அமெரிக்க ஆய்வே சொல்லிவிட்டது’ என்கிறார். 2009இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வெளியிட்டது அது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுள்ள பெட்ரோல் கார்களில் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை என்பது உண்மை. வண்டியின் இழுவை குறைந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, அதை விட்டுவிட்டார். அங்கே சோதித்தது அடைத்த ஃபில்டரை. தூசியை உள்ளே விடும் ஃபில்டரைப் பற்றிய ஆய்வே அல்ல அது. அவர் காட்டும் பழைய அம்பாசடர் காலத்து உதாரணமும் அவருக்குக் கைகொடுக்காது. அன்றைய வண்டிகள் பலவற்றில், கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருந்தது. டிராக்டர் வைத்திருக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும் அந்தக் கிண்ணத்தை எத்தனை கவனமாகக் கழுவி ஆயில் மாற்றுவார் என்று சொல்வார்.

ஆயில் ஃபில்டருக்கு வருவோம். மரை பொருந்துவது இறுக்குவதற்கு. வேலை உள்ளே நடக்கிறது. காகிதம் அடைத்தாலோ ஆயில் கெட்டியாக இருந்தாலோ பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எப்போதும் திறந்தே கிடக்கும், ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல. ஆயில் திரும்பிப் போகாமல் நிறுத்தும் ரப்பர் வால்வு விறைத்துப்போனால், ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிவிடும், காலையில் சாவி திருப்பியதும் இன்ஜின் சில நொடிகள் காய்ந்து ஓடும். அந்தக் கடகடச் சத்தத்துக்கு ஆயிலைக் குறை சொல்லி ஆயிலை மாற்றுகிறார்கள். இந்த இரண்டு வால்வுகளைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் சின்ன பெட்ரோல் காரின் நல்ல ஆயில் ஃபில்டர், ஒரு முறை ஊற்றும் ஆயில் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

‘கார் கம்பெனிகள் கொள்ளையடிக்கின்றன, அதனால் கிடைத்ததைப் போடு’ என்பதில் முதல் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் முடக்கியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன. அந்த வழக்கு வாங்குபவருக்கு நல்ல மாற்றுச் சரக்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக நடந்தது. கம்பெனி பெட்டியைக் காப்பியடித்த டூப்ளிகேட்டுக்கு அதில் அனுமதி எதுவும் இல்லை. போலி வணிகக்குறியோடு விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது கட்டுரையின் ஒரு வரி. ஐந்து வருடத்தில் வண்டியை விற்கத்தானே போகிறோம், அதற்குள் ஒன்றும் ஆகாது என்கிறார். ஆகாதுதான். ரிங் தேய்ந்து, ஆயில் குடித்து, நீலப் புகை கக்கும்போது வண்டி இன்னொருவர் பெயரில் இருக்கும். நம் ஊரில் பழைய கார் வாங்குகிறவர் யார்? நகையை அடகு வைத்து வாடகைக்கு ஓட்ட முதல் வண்டி எடுக்கும் பையன், நிலக்கோட்டையிலிருந்து விடியலுக்கு முன் பூ ஏற்றிப் போகிறவர். இன்ஜின் இறக்கும் செலவை அவர்கள் தலையில் கட்டுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த வரியை அவர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.