குண்டுத் தம்பி

பெரியப்பா காலமான அன்று, ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் எழுதுகிறேன் அல்லவா? எங்கள் குடும்பத்தில் எழுத்து சம்பந்தப்பட்ட சகலமும் என் டிபார்ட்மெண்ட்.

கே.கே. நகரில் ஒரு கடை. மேட்டரையும் போட்டோவையும் கொடுத்துவிட்டு, மாலைக்குச் சொல்லப் போனேன். திரும்பி வந்து மானிட்டரைப் பார்த்ததும் பகீரென்றது. எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று, முனைகள் மழுங்கி, கன்னத்தைக் கிள்ளலாம் போல இருந்தன. காதுகுத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கண்ணீர் அஞ்சலி!

“இது என்ன ஃபாண்ட், தம்பி?”

“அதேதான் சார். தம்பி.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே அதன் பெயர் ‘பாலூ தம்பி’. மும்பையில் ‘ஏக் டைப்’ என்ற குழு உருவாக்கியது. இந்தியில் பாலூ என்றால் கரடி. இதே எழுத்துக்கு மலையாளத்தில் ‘சேட்டன்’, தெலுங்கில் ‘தம்முடு’, குஜராத்தியில் ‘பாய்’, பஞ்சாபியில் ‘பாஜி’ என்று பெயர். பாகப்பிரிவினை கேட்காத சகோதரர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக உபயோகிக்கலாம் என்பது கூடுதல் விசேஷம்.

உருண்ட முனை பார்ப்பவரிடம் சிநேகமாகப் பேசும். கார் விற்கிற ஃபோக்ஸ்வாகனே 1979-ல் தனக்கென்று அப்படி ஓர் எழுத்தை வரைய வைத்தது.

ஆனால் குண்டு எழுத்து வரைவது லேசில்லை. நம் ‘ண’வுக்கு மூன்று சுழி. கோட்டைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். எனவே எழுத்தை அகலமாக்கி, கோடுகள் சேருமிடத்தில் மட்டும் கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டும். ‘கண்ணீர்’ என்ற ஒரு சொல்லிலேயே ஆறு சுழி! விசிட்டிங் கார்டில் பொடியாக அடித்தால் ஆறும் அப்பிக்கொள்ளும். பத்தடி ஃப்ளெக்ஸில் தெருமுனையிலிருந்தே படிக்கலாம். ஐஸ்கிரீம் கடைக்குச் சரி, மழலையர் பள்ளிக்குச் சரி. சாவுக்கு?

“மாத்துப்பா. கொஞ்சம் சோகமான எழுத்தாப் போடு.”

“சார்... பிரிண்ட் ஆயிருச்சு.”

வேறு வழியில்லாமல் கொண்டுபோய்க் கட்டினோம். சொந்தபந்தங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கண்ணாடிகூட இல்லாமல், தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் பெரியப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அவரு மாதிரியே இருக்குய்யா. குண்டா, சிரிச்ச மாதிரி” என்றார். அப்புறம்தான் அழுதார்.

மறுநாள் பாக்கிப் பணம் கொடுக்கப் போனேன். பையன் என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பதுங்கினான்.

“பதினாறாம் நாளுக்கும் ஒண்ணு அடிக்கணும்.”

“இந்தத் தடவை வேற ஃபாண்ட் போட்டுர்றேன் சார்.”

“வேண்டாம். தம்பியையே போடு, தம்பி.”