வில்லி டிக்சனின் பெயர் எங்கே?

லெட் செப்பெலினின் 'ஹோல் லோட்டா லவ்' பிறந்த கதையை ரசித்து ரசித்துப் பகிர்கிறார்கள். ஜிம்மி பேஜின் கிட்டார், ராபர்ட் பிளாண்டின் குரல், 1969 என்று எல்லாம் வருகிறது. வில்லி டிக்சன் மட்டும் வருவதில்லை.

இசை கூடுமா கூடாதா என்று கீழே ஆரம்பித்துவிடாதீர்கள். நாம் பேசுவது ஒரு மனிதனின் ஹக்கைப் பற்றி.

மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் உழைத்த கறுப்பினப் பாடலாசிரியர் அவர். அவர் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டை 1962இல் மடி வாட்டர்ஸ் பாடி ஒலிப்பதிவு செய்தார். ஏழு வருடம் கழித்து அதன் வரிகள் சில செப்பெலினின் பாட்டுக்குள் வந்தன. இசைத்தட்டில் குழுவினர் நால்வரின் பெயர்தான் இருந்தது. 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமானது. அவருடைய பெயர் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

"புளூஸ் என்றாலே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்பதுதானே" என்கிறார்கள். எடுக்கட்டும். டிக்சனும் பழைய மரபிலிருந்து எடுத்தவர்தான். அந்தக் கிட்டார் மெட்டு பேஜுடையது, அதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் பெயர் போடுவது வெறும் மரியாதை இல்லையே! ராயல்டி போய்ச்சேரும் விலாசம் அது.

பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் புள்ளியை வெட்டுகிறோம். பிரபலமானவர் எழுதினால் மட்டும் அதற்கு 'தாக்கம்' என்று பெயரா?

இனி அந்தக் கதையைப் பகிர்பவர்கள் டிக்சனின் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்படியே, வட்ஸ்அப்பில் வரும் கவிதைகளின் அடியில் இருக்கும் பெயரையும் வெட்டாமல் அனுப்புங்கள்.